பேர்ப் போர்ட்டில இருந்து "கம்யூனிட்டி"ய அழிச்சா என்ன நடக்கும்?

அமெரிக்காவில ரெண்டு வருசப் படிப்பு மட்டும் குடுத்துக்கொண்டிருக்கிற கம்யூனிட்டி கொலிஜ் ஒண்டு நாலு வருச டிகிரியும் குடுக்கத் தொடங்கினா, கன இடங்கள்ல கையோட பேரில இருக்கிற "கம்யூனிட்டி" எண்ட சொல்லையும் தூக்கிடுறாங்க. ஒண்டு ரெண்டு கொலிஜ் இல்ல, இருபது வருசத்துக்கு மேல வரிசையா நடந்துகொண்டிருக்கிற விஷயம் இது. எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்பில இதப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்து முடிஞ்சிது, அங்க வொய்ஸ் நோட்டுக்கு மேல வொய்ஸ் நோட் வந்து விழுந்ததில நான் சொல்ல நினைச்சத ஒழுங்காச் சொல்லக் கிடைக்கேல்ல, அதான் இங்க எழுதுறன்.

விஷயம் இதுதான். என்ட ஒண்டுவிட்ட அக்கா புளோரிடாவில இருக்கிறா, மகள் ஹை ஸ்கூல் முடிச்சிட்டு வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு கொலிஜில சேரப் போறாள். அத குரூப்பில போட்டவுடன வெள்ளவத்தை மாமி ஒராள் "ஏன் பிள்ள திரும்பப் பள்ளிக்கூடம் போறா?" எண்டு கேட்டா. சிரிக்கத் தேவையில்ல, கொழும்பில கொலிஜ் எண்டா ரோயல் கொலிஜ், இந்துக் கல்லூரி, பெனடிக்ஸ், அவ்வளவுதான், அதுக்கு மேல படிக்கப் போறதெண்டா கம்பஸ். அது பரவாயில்ல, ஆனா சித்தப்பா ஒராள் உடன கூகிள் பண்ணிப் பாத்துட்டு "இது முந்தி கம்யூனிட்டி கொலிஜாம், இப்ப பேர மாத்தி வச்சு டிகிரி விக்கிறாங்களாம், கவனம்" எண்டு போட்டுட்டார். அதோட தொடங்கினதுதான்.

சித்தப்பாவின்ட சந்தேகம் வேற ஊருக்குச் சரியா இருக்கலாம். கொழும்பில மாடிப் படிக்குக் கீழ இருந்த கொம்பியூட்டர் கிளாஸ் ஒரு ராத்திரியில இன்டர்நேஷனல் கம்பஸ் ஆகினத எல்லாம் கண்ட மனுசன் அவர். ஆனா அங்க அது அப்பிடி நடக்கிறதில்ல. ஒரு அரச கொலிஜ் நாலு வருச டிகிரி குடுக்கோணும் எண்டா முதல்ல மாநிலத்தில சட்டம் இடம் குடுக்கோணும், பிறகு அங்கீகாரம் குடுக்கிற சபை வந்து லெக்சரர்மாரின்ட தகுதி, லைப்ரரி, காசுக் கணக்கு எல்லாம் பாத்து ஓம் எண்டு சொல்லோணும். தென் மாநிலங்கள்ல இருக்கிற சபை இதுக்கெண்டே லெவல் வச்சிருக்கு, ரெண்டு வருசம் மட்டும் குடுத்தா லெவல் ஒண்டு, பச்சிலர் டிகிரி குடுத்தா லெவல் ரெண்டு. அந்த லெவல் ஏறாம போர்ட்ட மட்டும் மாத்தி டிகிரி குடுக்கேலாது.

இதில எனக்குப் பிடிச்ச பகுதி என்னெண்டா, அங்க இந்தப் பேர் மாத்துற கதை இப்பத்தான் முதல்தரம் நடக்குது எண்டில்ல. 1901ல இலினோய் மாநிலத்தில ஜோலியட் எண்ட இடத்தில தொடங்கினதத்தான் அங்கத்தைய முதலாவது அரச ஜூனியர் கொலிஜ் எண்டு சொல்லுவாங்க. அப்ப எல்லாமே "ஜூனியர்". யூனிவர்சிட்டியின்ட முதல் ரெண்டு வருசத்த ஊரிலேயே மலிவாப் படிச்சிட்டு பிறகு பெரிய இடத்துக்குப் போறது, அதான் ஐடியா. பிறகு யுத்தம் முடிஞ்சு ஆமியில இருந்து வந்த பெடியள் எல்லாம் படிக்கக் கேட்ட காலம், 1947ல ஜனாதிபதி ட்ரூமன் போட்ட கொமிஷன் ஒரு அறிக்கை விட்டுது, ஊர் ஊரா, காசு வாங்காமலோ குறைவா வாங்கியோ படிப்பிக்கிற இடங்கள் வேணும், அதுகளுக்குக் கம்யூனிட்டி கொலிஜ் எண்டு பேர் எண்டு. அந்தப் பேர் அப்ப ஒரு பெருமையான பேர். "ஜூனியர்" எண்டா சின்னவங்கள் மாதிரி இருக்கெண்டு கன இடங்கள்ல அத எடுத்துட்டு "கம்யூனிட்டி"யப் போட்டாங்க. அப்பிடி மரியாதைக்கெண்டு போட்ட சொல்லத்தான் இப்ப மரியாதை இல்லையெண்டு கழட்டுறாங்க. ஜோலியட்டில மட்டும் இன்னும் ஜூனியர் கொலிஜ்தான், அவங்களுக்கு அதில ஒரு தனிக் கெத்து போல.

மயாமியில இருக்கிறதப் பாருங்க. 1960ல டேட் கவுண்டி ஜூனியர் கொலிஜ் எண்டு தொடங்கினது. கறுப்புப் பிள்ளையளையும் வெள்ளைப் பிள்ளையளையும் ஒண்டாச் சேர்த்த இடம், புளோரிடாவில அப்ப அது சின்ன விஷயமில்ல, அதே காலத்திலதான் கியூபாவில இருந்து அகதியா வந்த பிள்ளையளும் அங்க வந்து நிறைஞ்சாங்க. பிறகு மயாமி டேட் ஜூனியர் கொலிஜ், 70களில மயாமி டேட் கம்யூனிட்டி கொலிஜ், 2003ல வெறும் மயாமி டேட் கொலிஜ். அந்த நேரம்தான் டீச்சர்மாருக்கான பச்சிலர் டிகிரி அங்க தொடங்கினது. கியூபா அகதிகள் பதிஞ்ச பிரீடம் டவர் கட்டடம் இப்ப அந்தக் கொலிஜிட்டத்தான் இருக்கு. அகதியா வந்தவனின்ட பிள்ள படிச்ச இடம் எண்டு சொன்னா எங்கட ஆக்களுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

புளோரிடாவில முதல் தொடங்கினது மயாமி இல்ல, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1927ல இருந்து ஜூனியர் கொலிஜ் எண்ட பேரோட இருந்து, 2001ல சட்டம் வந்தவுடன "ஜூனியர்"ய எடுத்துட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கொலிஜ் ஆகிச்சு, நடுவில கம்யூனிட்டி எண்ட ஸ்டொப்பில இறங்கவே இல்ல. பிறகு 2008, 2009ல வரிசையா மாறினது, டேட்டோனா பீச், புரோவார்ட், ஜாக்சன்வில், செமினோல் எல்லாம். 2011ல ஒர்லாண்டோவில வலென்சியா. புளோரிடாவில பாதிப்பேர் "கம்யூனிட்டி" இருந்த இடத்தில "ஸ்டேட்"ட செருகிக்கொண்டாங்கள், ஏனெண்டா ஸ்டேட் எண்டா கேக்கிறவனுக்கு பெரிய யூனிவர்சிட்டி ஞாபகம் வரும். தலஹாசி கம்யூனிட்டி கொலிஜ் கன காலம் பழைய பேரோடயே இருந்துட்டு 2024 ஜூலையில தலஹாசி ஸ்டேட் கொலிஜ் ஆகிச்சு. அதே ஊரிலதான் புளோரிடா ஸ்டேட் யூனிவர்சிட்டியும் இருக்கு, புதுசா வாற பிள்ள ஒண்டு டாக்ஸியில ஏறி எந்த ஸ்டேட்டுக்கு எண்டு சொல்லும் எண்டு எனக்குத் தெரியாது.

வடக்க மிச்சிகன்ல நடந்தது இன்னும் வேடிக்கை. அங்க 2012 கடைசியிலதான் கம்யூனிட்டி கொலிஜ் பச்சிலர் டிகிரி குடுக்கலாம் எண்டு சட்டம் வந்தது, அதுவும் நாலே நாலு துறையில, சீமெந்துத் தொழில்நுட்பம், கப்பல் துறை, மின்சக்தி, சமையல். நேர்சிங்கும் வேணும் எண்டு கேட்டவங்க, யூனிவர்சிட்டிகள் எதிர்த்து விடேல்ல. சண்டை எங்க எண்டு இதில தெளிவா விளங்கும், யூனிவர்சிட்டிக்குப் பிள்ளையள் குறையாத பாடம் எண்டா குடுக்கலாம், அவங்கட கடைக்கு முன்னால கடை போடக்கூடாது. கலிபோர்னியாவில 2014ல 15 கொலிஜில மட்டும் பரீட்சார்த்தமா விடேக்கையும் இதே நிபந்தனைதான், யூனிவர்சிட்டியில இருக்கிற டிகிரியக் குடுக்கக்கூடாது எண்டு. ஆனா அந்த நாலு துறையோட நிண்ட மிச்சிகன்லயும் ஜாக்சன் 2013லயும் ஹென்றி போர்ட் 2014லயும் "கம்யூனிட்டி"ய எடுத்துட்டாங்க.

சரி, ஏன் இவ்வளவு அந்தரம்? கொலிஜ்காரர் வழமையாச் சொல்ற காரணம், நாலு வருச டிகிரி குடுக்கிற இடத்துக்கு ரெண்டு வருசப் பேர் பொருந்தாது எண்டது. அத நான் நம்புறன், ஏனெண்டா என்ட வேலையில சீ.வி பாக்கிறதும் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு வந்து குவியிற சீ.வியில ஒண்ட எடுத்து ஆறுதலா வாசிக்கிற ஆக்கள் குறைவு. பச்சிலர் எண்டு மேல போட்டிருக்கும், கீழ நிலையத்தின்ட பேரில கண் போகும், அங்க டிகிரியோட ஒட்டாத மாதிரி ஒரு சொல் இருந்தா அந்தப் பேப்பர் இடப்பக்கம் போகும், ஏன் போச்சுதெண்டு ஆரும் எழுதி வைக்கிறதில்ல. பிள்ள செய்த படிப்பு அதேதான், சோதினை அதேதான், ஆனா கதவுக்கு வெளியிலயே நிக்கும். அந்தப் பிள்ளைக்காக பேர மாத்துறதெண்டா மாத்தட்டும், இதில நான் சித்தப்பாவின்ட பக்கம் இல்ல.

எங்களுக்கு இது புதினமும் இல்ல. மொறட்டுவ யூனிவர்சிட்டியப் பற்றி இண்டைக்கு ஆரும் நாக்கில பல்லுப் போட்டுக் கதைப்பாங்களா? அது 1960ல கட்டுபெத்தையில கனடாவின்ட உதவியோட தொடங்கின தொழில்நுட்ப நிலையம், 1966ல சிலோன் கொலிஜ் ஒப் டெக்னொலொஜி, 1972ல இலங்கைப் பல்கலைக்கழகத்தின்ட கட்டுபெத்தை வளாகம், 1978ல மொறட்டுவப் பல்கலைக்கழகம். ஒவ்வொரு பேருக்குப் பின்னாலயும் உள்ள என்னவோ உண்மையா மாறிச்சு. வயசான இன்ஜினியர்மார் இன்னும் "நான் கட்டுபெத்த" எண்டுதான் சொல்லுவினம், பேர் எத்தினதரம் மாறினாலும் அவையளுக்கு அந்த ஊர்ப் பேர்தான் டிகிரி. வவுனியாவும் அப்பிடித்தான், 1991ல இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997ல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ட வவுனியா வளாகம், 2021 ஓகஸ்ட்ல தனியா வவுனியாப் பல்கலைக்கழகம். கொழும்பு யூனிவர்சிட்டியே 1921ல தொடங்கின யூனிவர்சிட்டி கொலிஜில இருந்து வந்ததுதான், லண்டன் சோதினைக்குப் பிள்ளையளத் தயார் பண்ணின இடம், பொன்னம்பலம் அருணாசலம் ஆக்கள் எங்களுக்கெண்டு ஒரு பல்கலைக்கழகம் வேணும் எண்டு எத்தினை வருசம் கேட்டு நிண்டாங்க, 1942லதான் அது சிலோன் யூனிவர்சிட்டி ஆகி சொந்தமா டிகிரி குடுத்துது.

எதிர்ப்பக்கமா நடந்த கதையும் இருக்கு. பொரளையில இருக்கிற அக்குவைனாஸ், 1954ல பீற்றர் பிள்ளை பாதர் தொடங்கேக்க அக்குவைனாஸ் யூனிவர்சிட்டி கொலிஜ். இப்ப பேரில யூனிவர்சிட்டி இல்ல, உயர்கல்விக் கல்லூரி எண்ட மாதிரித்தான். எனக்கு அந்த இடத்தில எப்பவும் ஒரு மரியாதை இருக்கு, வேலைக்குப் போறவங்க பின்னேரம் வந்து படிக்கக்கூடிய இடமா எத்தினையோ பேருக்கு உதவினது.

இங்க பேர் விஷயத்தில இன்னொரு சுத்து இருக்கு. 1978ம் ஆண்டு 16ம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில 25ஏ எண்டொரு பிரிவு, அமைச்சர் வர்த்தமானியில போட்டா ஒரு நிலையம் டிகிரி குடுக்கலாம், ஆனா டிகிரி குடுக்கலாம் எண்டதும் பல்கலைக்கழகம் எண்டதும் ரெண்டு. அதாலதான் கொழும்பில இவ்வளவு கம்பஸ் போர்ட் எண்டு நான் நினைக்கிறன். மாலபேயில இருக்கிற சினெக்கின்ட முழுப்பேர் கொலம்போ இன்டர்நேஷனல் நோட்டிகல் அண்ட் இன்ஜினியரிங் கொலிஜ், கப்பல்காரருக்குப் படிப்பிக்கத் தொடங்கினது, இப்ப சினெக் கம்பஸ். பேருக்கும் ஒரு புரோக்கர் பெறுமதி இருக்கு, கலியாணப் புரோக்கர் கொண்டுவாற குறிப்பில "கம்பஸ்" எண்டு இருந்தாத்தான் எங்கட அம்மாமார் அடுத்த வரிய வாசிப்பினம்.

ஆனா பேர் மாறாம மாட்டிக்கொண்ட பிள்ளையளும் இருக்கிறாங்க, அவங்களப் பற்றி எங்கட குரூப்பில ஆரும் கதைக்கேல்ல. ஏ.எல் எண்ட உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியும், கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் எண்ட புள்ளி காணாமல் போன எத்தினையோ பிள்ளையள் எச்.என்.டி எண்ட உயர் தேசிய டிப்ளோமா செய்யிறது தெஹிவளை, லபுதுவ, யாழ்ப்பாணம், திருகோணமலை, சம்மாந்துறை எண்டு நாடு முழுக்க இருக்கிற உயர்தொழில்நுட்ப நிறுவனங்கள்ல. எங்கட ஊர்க் கம்யூனிட்டி கொலிஜ் எண்டா அதுதான், காசு கட்டேலாத வீட்டுப் பிள்ள, வேலை செய்துகொண்டு படிக்கிற பிள்ள, தூர இடத்துப் பிள்ள. 2015 ஒக்டோபர்ல எச்.என்.டி.ஏ எண்ட கணக்கியல் டிப்ளோமாவ பி.கொம் டிகிரிக்கு சமமா ஏத்துக்கொள்ளுங்க எண்டு கேட்டு கொழும்பு வோர்ட் பிளேஸ்ல ஊர்வலம் போன பிள்ளையளுக்கு பொலிஸ் போட்ட அடிய டீவியில பாத்தம்தானே. படிச்ச படிப்ப என்னெண்டு சொல்லிக் கூப்பிடுறது எண்ட ஒரே கேள்விக்குத்தான் அந்தப் பொல்லடி. அதப் பாத்த பிறகும் "பேர்ல என்ன இருக்கு" எண்டு ஆராவது சொன்னா எனக்குக் கோவம் வருது.

அப்ப நான் முழுசா ஓம் எண்டு சொல்றனா? இல்ல, ஒரு இடத்தில தட்டுது. வெள்ளவத்தைப் பக்கம் பழைய சைவக் கடை ஒண்டு ஏசி போட்டு பமிலி ரெஸ்டோரன்ட் ஆனா முதல் காணாமப் போறது பிளேன்டீயும் ரெண்டு வடையும், அதுக்கெண்டு வந்துகொண்டிருந்த ஆக்களும் அதோட காணாமப் போயிடுவினம். கொலிஜ் விஷயத்திலயும் என்ட பயம் அதுதான். அங்க கம்யூனிட்டி கொலிஜின்ட பெரிய விஷயம் ஆர் வந்தாலும் சேர்க்கிறது, ஹை ஸ்கூல் முடிச்சிருந்தாக் காணும், நாப்பது வயசில வாற அம்மாவையும் சேர்ப்பாங்க, இங்கிலிஷ் தெரியாம வந்தவனுக்கு ஏ பி சியில இருந்து தொடங்குவாங்க, வெல்டிங் படிப்பிப்பாங்க, நேர்ஸ்மார எடுப்பாங்க. நாலு வருச டிகிரி வந்தா லெக்சரர்மாருக்கு மேல் வகுப்புப் படிப்பிக்கத்தான் ஆசை வரும், காசும் அங்கதான் போகும், பிறகு மெல்ல மெல்ல கீழ் வகுப்பு பின்பக்கக் கட்டடத்துக்குப் போகும். எல்லா இடமும் அப்பிடி ஆகிச்சு எண்டு நான் சொல்லேல்ல, மயாமியில இண்டைக்கும் பெருவாரியான பிள்ளையள் ரெண்டு வருசப் படிப்பிலதான் வந்து சேருறாங்க, அந்தக் கதவ மூடேல்ல. மொறட்டுவையில என்ன நடந்தது? அந்தப் பழைய தொழில்நுட்ப டிப்ளோமா, என்.டி.டி, யூனிவர்சிட்டி ஆன பிறகும் கன காலம் அங்கதான் நடந்தது, பிறகு 2000ல அதுக்கெண்டு தனி நிலையம் ஆக்கி, பிந்தி ஹோமாகம தியகமவுக்குக் கொண்டு போயிட்டாங்க. நிப்பாட்டேல்ல, அது பெரிய விஷயம். ஆனா வீட்டின்ட முதல் பிள்ளைய தனிக்குடித்தனம் அனுப்பின மாதிரிக் கிடக்கு.

1969ல இங்கயும் அமெரிக்காவில மாதிரி ஜூனியர் யூனிவர்சிட்டி கொலிஜ் எண்டு தொடங்கினவங்க, தெஹிவளையில ஒண்டு, பலாலியில ஒண்டு எண்டு. ரெண்டு வருசம் படிச்சு டிப்ளோமாவோட வேலைக்குப் போற பிளான். அது கனநாள் நிலைக்கேல்ல. அந்த நேரம் அது நிண்டு பிடிச்சிருந்தா, இண்டைக்கு இசட் ஸ்கோர் எண்ட ஒரு நம்பர வச்சு பத்தொன்பது வயசுப் பிள்ளையின்ட கதைய முடிக்கிறது கொஞ்சமாவது குறைஞ்சிருக்கும் எண்டு எனக்குப் படும், அது வேற பதிவுக்குரிய விஷயம்.

ஆக பேர் மாறின இடத்துக்குப் பிள்ளைய அனுப்பிறவங்க கேக்கவேண்டியது பேரப் பற்றி இல்ல. ரெண்டு வருசப் படிப்பின்ட பீஸ் பேர் மாறின பிறகு எவ்வளவு ஏறினது, ராத்திரி வகுப்பு இன்னும் இருக்கா, ரெண்டு வருசம் முடிச்சா மாநில யூனிவர்சிட்டி மூன்றாம் வருசத்துக்கு எடுக்குதா, இதத்தான் கேக்கோணும். புளோரிடாவில இந்தக் கடைசி விஷயம் நல்லா இருக்கு, அங்கத்தைய ஏ.ஏ எண்ட ரெண்டு வருசப் பட்டம் முடிச்சா மாநில யூனிவர்சிட்டிகள்ல ஏதாவது ஒண்டில இடம் நிச்சயம், நீங்க ஆசைப்படுற அதே யூனிவர்சிட்டி, அதே பாடம் எண்டு மட்டும் உத்தரவாதம் இல்ல. பிள்ள பிறகு இங்க வந்து அரசாங்க வேலை பாக்கிற எண்ணம் இருந்தா, எங்கட யூ.ஜி.சி, அதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டு நிலையங்கள உலகப் பல்கலைக்கழகங்களின்ட சர்வதேசக் கைநூலில இருக்கா எண்டு பாத்துத்தான் ஏத்துக்கொள்ளும், அதால சேர்டிபிகேட்டில இருக்கிற பேரும் கைநூலில இருக்கிற பேரும் வேறயா இருந்தா ரெண்டும் ஒரே இடம்தான் எண்டு கொலிஜிட்ட ஒரு கடிதம் எடுத்து வச்சிருங்க. பேர் மாறினதுக்குப் பிறகு பத்து வருசம் கழிச்சு அத எடுக்க அலையிறதவிட இப்பவே எடுக்கிறது சுகம்.

அக்கா இதெல்லாம் குரூப்பில கதைக்க முதலே பாத்துட்டாவாம். மகள் முதல்ல ஏ.ஏ செய்யிறாள், வீட்டில இருந்து பஸ்ஸில போய் வரலாம், ரெண்டு வருசம் முடிய யூனிவர்சிட்டியா அதே கொலிஜின்ட நேர்சிங் டிகிரியா எண்டு அவளே முடிவெடுப்பாளாம். சித்தப்பாவுக்கு இத அனுப்பினன், அவர் ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு, "பேர மாத்தினவங்க பீஸ எவ்வளவு கூட்டினாங்க எண்டு கேட்டியா" எண்டு திருப்பிக் கேட்டிருக்கிறார். அக்காட்ட இன்னும் கேக்கேல்ல.